ஊக்கு பிடித்தவள்

இப்போது இந்த வித்தை யாருக்கு வேண்டுமானாலும் வந்துவிடுகிறது. விரல் நீளத்தில் ஒரு கருவி, தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு. இரண்டையும் கணினியில் சொருகினால் வேண்டியதெல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. போட்ட டீ ஆறுவதற்குள் போர்டில் விளக்கு மினுக்க ஆரம்பித்துவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஊக்கக்காவுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். அவளுக்கு அந்த விளக்கு முதல்முதலாக மினுக்குவதற்கு ஒரு மழைக்காலம் முழுசாகத் தேவைப்பட்டது. அதற்குள் எத்தனையோ நாள் சமையல் அடிப்பிடித்தது, ஒரு தையல் மிஷின் தன் மேஜையை இழந்தது.

வீட்டு முன்னறையில் இன்று அவளுக்கென்று ஒரு மேஜை இருக்கிறது. துணி துவைக்கும் மிஷின்களுக்குள்ளே இருக்கும் பச்சைப் போர்டுகளைத் தெருக்காரர்கள் கழற்றிக்கொண்டு வந்து கொடுப்பார்கள். "ஊக்கக்கா, இது தண்ணியை மட்டும் குடிக்குது, சுத்த மாட்டேங்குது, என்னன்னு பாருங்க" என்பார்கள், ஏதோ குழந்தையை டாக்டரிடம் கொண்டுவந்த மாதிரி. அறுபதைத் தொட்டுவிட்டாள். மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி. இந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், "நான் ஊக்கு பிடிச்சேன், அதான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். அது பாதிக் கதை. மீதிப் பாதி அவளுடைய ஓரகத்தி.

அன்று அந்த வீட்டில் ஊக்கக்கா வெறும் பெரியவள். மூத்த மருமகள். கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர்; வீட்டிலும் அதே வேலையைச் செய்வார், சம்பளம் இல்லாமல். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போய்விடும். மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாசல் நாற்காலியில் உட்கார்ந்தபடி போகிற வண்டிகளின் டிரைவர்களையெல்லாம் திட்டிக்கொண்டிருப்பார். பெரியவள் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பாள். அதனால் அவள் உடுப்பில் எப்போதும் நாலைந்து ஊக்குகள் தொங்கும்.

கொழுந்தனுக்குக் கல்யாணமாகி சின்னவள் வந்தாள். கொழுந்தன் மருந்து கம்பெனியில் விற்பனைக்காரர், மாதத்தில் பாதி நாள் ஊர் ஊராகச் சுற்றுபவர். சின்னவள் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். இரண்டு மருமகள்களும் எப்போது முடியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று அக்கம்பக்கம் காதைத் தீட்டி வைத்திருந்தது. அவர்களும் ஆரம்பத்தில் யாரையும் ஏமாற்றவில்லை. சண்டை கிடையாது. ஆனால் ஒருத்தி கழுவி வைத்த பாத்திரத்தை இன்னொருத்தி மறுபடியும் கழுவுவாள். இதற்குச் சண்டையே தேவலை.

சின்னவள் கொண்டுவந்த பெட்டிகளில் ஓர் அட்டைப்பெட்டியை மட்டும் யாரையும் தொடவிட மாட்டாள். உள்ளே நகை இருக்கிறது என்று பெரியவள் நினைத்திருந்தாள். ஒருநாள் அவளே திறந்து காட்டினாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு, நடுவில் நிறையக் கால்களோடு கறுப்பாக ஒரு சிப்.

"இது என்ன, ரேடியோவா?"

"இல்லக்கா. இதுக்குள்ள ஒரு குட்டிக் கணினி இருக்கு. நாம புரோகிராம் எழுதிப் போட்டா, சொன்னதைச் செய்யும். கல்லூரியில சீனியர் ஒருத்தர் பயன்படுத்திட்டுக் குடுத்தது. இதுல பழகிட்டேன்னா ஒரு தொழிற்சாலையில வேலைக்குத் தேர்வு எழுதலாம்."

"எந்தத் தொழிற்சாலை?"

"இங்கேருந்து பஸ்ல அஞ்சு மணி நேரம். வேலை கிடைச்சா அங்கேயே வீடு பார்த்துப் போயிடுவோம். அவரும் மாற்றல் கேட்டுக்கறேன்னு சொல்லியிருக்கார்."

அந்தக் கடைசி வரிதான் பெரியவளின் காதில் தேனாகப் பாய்ந்தது. இவள் போய்விட்டால் அடுப்பங்கரை மறுபடியும் தன்னுடையது. "அப்ப நல்லாப் பழகு. நான் ஏதாவது ஒத்தாசை பண்ணட்டுமா?" என்று கேட்டாள். மகராசி சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்றுதான் அவள் அந்தக் காரியத்தில் கையை வைத்தாள். அதில் ஒளிப்பதற்கு எதுவும் இல்லை, பின்னாளில் அவளே சொல்லிச் சிரித்ததுதான்.

முதலில் கணினி வேண்டும். அச்சகத்தில் கழித்துப்போட்ட ஒன்றைப் பெரியவளின் கணவர் கேட்டு வாங்கி வந்தார். மூட்டை தூக்குகிறவர்களையே முனக வைக்கும் கனம். அதை வைப்பதற்கு இடம்? அடுப்பங்கரைக்கும் பின்கதவுக்கும் நடுவே துணி துவைக்கிற இடம் ஒன்று உண்டு. தையல் மிஷினைக் கீழே இறக்கிவிட்டு அதன் மேஜையை அங்கே போட்டார்கள். மேஜை ஓரம் சுவரைத் தொடாமல் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும்படி சந்து விட்டார்கள், ஏனென்றால் போர்டைக் கணினியின் முதுகில்தான் சொருக வேண்டியிருந்தது. பிரிண்டர் மாட்டும் வாயில் ஒரு கேபிள், அதன் மறுமுனையில் போர்டு. கேபிள் ஒரு சாணுக்கு மேல் போனால் சமிக்ஞை தடுமாறும் என்று சின்னவள் சொன்னாள். அதனால் போர்டு எப்போதும் கணினிப் பெட்டிக்குப் பின்னால், மின்விசிறியின் சூட்டுக்காற்றில் கிடக்கும்.

அந்தக் கேபிளை இவர்களேதான் செய்தார்கள். சின்னவள் படத்தைப் பார்த்து எந்தக் கம்பி எங்கே என்று சொல்ல, பெரியவள் பற்றவைத்தாள். பொத்தானுக்கு ஓட்டை தைத்த கை, ஈயம் அதற்குச் சொன்னபடி கேட்டது. மாட்டிப் பார்த்தால் சிப் பேசவில்லை. ஆனால் பெரியவள் பெட்டியின் தகரத்தையும் போர்டையும் சேர்த்துத் தொட்டால் மட்டும் பேசியது. கையை எடுத்தால் ஊமை. "அக்காவுக்குக் கைராசி!" என்று சின்னவள் குதித்தாள். மாமனார் எழுந்து வந்து பார்த்துவிட்டு, "கைராசி இருக்கட்டும்மா, இவ இங்கேயே நின்னா சமையல் யாரு பண்றது?" என்றார். இப்படியே சில நாள் கைராசியில் வண்டி ஓடியது. அப்புறம்தான் தெரிந்தது, தரைக்கம்பி, எர்த் என்பார்களே, அதைப் பற்றவைக்கவே மறந்திருக்கிறார்கள். பெரியவளின் உடம்பு அந்தக் கம்பியின் வேலையைச் செய்திருக்கிறது. கம்பியை வைத்ததும் கைராசி போய்விட்டது. அவளுக்கு அதில் உள்ளூர ஒரு வருத்தம்.

அடுத்து கம்பைலர். நாம் எழுதுவதைச் சிப்புக்குப் புரிகிற பாஷையில் மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் அது. இணைய மையத்தில் இறக்கி, குறுந்தட்டில் பதிந்து கொண்டுவந்தார்கள். தட்டில் ஒரு கீறல். திரும்பப் போய் இன்னொரு தட்டு. அதை ஏற்றினால், கோப்பைக் காணோம் காணோம் என்று ஒரே புலம்பல். கண்ணுக்கு எதிரே கோப்பு இருக்கிறது, அதற்கு மட்டும் தெரியவில்லை. சின்னவள் புத்தகத்தைப் புரட்டினாள், அழித்து ஏற்றினாள், கண்ணைக் கசக்கினாள். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. கடைசியில் பார்த்தால், வேலைக்காகக் கணினியில் அவர்கள் திறந்த ஃபோல்டருக்கு இரண்டு சொல்லில் பெயர் வைத்து, நடுவில் இடைவெளி விட்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் கம்பைலர் தடுக்கி விழுந்துகொண்டிருந்தது. பெரியவளின் கணவருக்கு அன்று ஏக சந்தோஷம். "சொல்லுக்கு நடுவுல இடம் விடறதைப் பத்தி நான் முப்பது வருஷமா கத்திக்கிட்டிருக்கேன், எவன் கேட்கறான்?" என்றார்.

விளக்கு மினுக்கிய அன்று மழை. துவைத்த துணியெல்லாம் உள்ளே கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஈரத்துணிகளுக்கு நடுவே, பெட்டிக்குப் பின்னால், கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று எரிந்து அணைந்து எரிந்தது. சின்னவள் பெரியவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் யாரையும் அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. பெரியவளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், "விடு, விடு, அடுப்புல பால் இருக்கு" என்றாள். பாலும் பொங்கி வழிந்திருந்தது. மாமனார் மட்டும் விளக்கையே பார்த்துக்கொண்டு, "இண்டிகேட்டர் நல்லா வேலை செய்யுது" என்று சான்றிதழ் கொடுத்தார்.

அதன் பிறகு பதினோரு மணி என்றால் அந்த மேஜைதான். காலை வேலை முடிந்திருக்கும், பிள்ளைகள் திரும்ப நேரம் இருக்கும். இருவரும் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஓடுகிற புரோகிராமை நடுவழியில் நிறுத்தி, சிப்புக்குள்ளே எட்டிப் பார்க்கிற வித்தையைச் சின்னவள் முதல்முறை காட்டியபோது பெரியவள் திரையோடு மூக்கை ஒட்டிக்கொண்டாள். எத்தனை தடவை விளக்கு எரிந்தது என்று எண்ணுகிற எண், உள்ளே ஓர் இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒரு வரி நகர்த்தினால் எண் ஒன்று ஏறியது. ஒரு வரி, ஒன்று. "திருடன் ஓடறப்ப அப்படியே உறைய வெச்சுட்டு, அவன் சட்டைப் பையில கைவிட்டுப் பார்க்கற மாதிரி இருக்கே!" என்றாள். தன் மனசுக்கும் இப்படி ஒரு வசதி இருந்தால் தேவலை என்று அன்றைக்குத் தோன்றியது அவளுக்கு.

அப்புறம் அவளும் எழுத ஆரம்பித்தாள். ஆசை யாரை விட்டது? ஒரு விளக்குக்குத் துணையாக இன்னொரு விளக்கு வேண்டுமென்று, சிப்பின் கால்களில் சும்மா இருந்ததாக அவளுக்குத் தோன்றிய ஒன்றைப் பிடித்து விளக்குக்குக் கொடுத்தாள். அது சும்மா இருந்த கால் இல்லை. கேபிள் வழியாகச் சிப்போடு பேசுகிற கால். புரோகிராம் உள்ளே போனதும் விளக்கு ஜோராக எரிந்தது, பேச்சு அடியோடு நின்றுபோனது. புதுப் புரோகிராம் போட்டு அதைச் சரிசெய்யலாம் என்றால், போடுவதற்கு வழியே அந்தக் கால்தான். வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்துவிட்டு வந்த கதை.

பெரியவள் அன்று சாப்பிடவில்லை. அவ்வளவு ஆசையாகக் கொண்டுவந்த பொருளை ஒரு நிமிஷத்தில் பாழாக்கிவிட்டோமே என்று தையல் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். சின்னவள் திட்டவில்லை. புத்தகத்தைக் குடைந்து குடைந்து ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். ரீசெட்டைப் பிடித்தபடியே வைத்திருந்தால் சிப் மயக்கத்தில் இருக்கும். கையை விட்டதும் விழித்து, புரோகிராமின் முதல் வரியிலிருந்து ஓட ஆரம்பிக்கும். காலைப் பறித்துக்கொள்கிற வரிக்கு அது வருவதற்குள், கண்மூடித் திறக்கும் நேரத்தில், இங்கிருந்து நில் என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் நின்றுவிடும்.

அந்தப் போர்டில் ரீசெட் பொத்தான் முன்பே உடைந்து போயிருந்தது. மிச்சமிருந்தது இரண்டு ஈயப் புள்ளிகள். அவற்றைச் சேர்த்துத் தொட ஏதாவது வேண்டும். பெரியவள் தன் உடுப்பிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றினாள். ஆனால் புள்ளிகள் பெட்டிக்குப் பின்னால், விசைப்பலகை முன்னால். ஒருத்தியின் கைக்கு இரண்டும் எட்டாது. எனவே பெரியவள் சந்துக்குள் நுழைந்து ஊக்கைப் பிடித்தாள். சின்னவள் விசையைத் தட்டும்போது, "விடுங்கக்கா!" என்றாள். பூட்டு திறக்கவில்லை. மறுபடியும் "விடுங்கக்கா!" மறுபடியும் இல்லை. எத்தனையோ முறை பார்த்த பிறகுதான் பிடிபட்டது: மரியாதை நீளமாக இருந்தது. 'விடுங்கக்கா' முடிவதற்குள் கணினி காத்திருந்து அலுத்துப் போய்விடுகிறது.

"மரியாதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், சும்மா 'விடு'ன்னு சொல்லு," என்றாள் பெரியவள் சந்துக்குள்ளிருந்து.

"பிடி... விடு!"

சிப் நின்றது. வாசலில் உட்கார்ந்திருந்த மாமனாருக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. "என்னம்மா அது, மூத்தவளை ஒருமையில?" என்று குரல் வந்தது. "நீங்க பிரேக் பிடிக்கணும்னா கண்டக்டர் 'நிறுத்துங்க ஐயா, தயவு பண்ணி'ன்னா சொன்னாரு?" என்று பெரியவள் கேட்டாள். மாமனார் தெருவில் போன வண்டிக்காரனைத் திட்டத் திரும்பிக்கொண்டார்.

பிழை செய்யச் செய்ய அவர்களுக்கு அந்த வேலை சரளமாகிவிட்டது. பெரியவள் நிற்கும் இடத்திலிருந்து திரை தெரியாது. ஆனால் விசைகள் தட்டுப்படும் ஓசையை வைத்தே சின்னவள் என்ன செய்கிறாள் என்று சொல்லிவிடுவாள். தடதடவென்றால் எழுதுகிறாள். ஒரே விசை மெல்ல மெல்ல என்றால் வரி வரியாக நகர்த்துகிறாள். ஓசை நின்று பெருமூச்சு வந்தால், டீ போட வேண்டிய நேரம். கழுவிய பாத்திரத்தை யாரும் மறுபடியும் கழுவுவதில்லை இப்போது. பெரியவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் பேச ஆள் இருந்திருக்கிறார்கள். சேர்ந்து தலையைச் சொறிய ஆள் இருந்ததில்லை. இவள் போய்விடப் போகிறவள் என்பதே அவளுக்குக் கொஞ்ச காலம் மறந்துபோயிருந்தது.

தொலைபேசியை எடுத்தது மாமனார். "நீ எழுதிப் போட்டிருந்தியே, அந்தத் தொழிற்சாலையிலேருந்தும்மா. அடுத்த வாரம் தேர்வாம். கருவியெல்லாம் நீங்களே கொண்டுவந்து, நீங்களே மாட்டணுமாம்."

பெரியவள் சின்னவளின் முகத்தைப் பார்த்தாள். அது மலரத்தான் செய்தது, ஆனால் சட்டென்று திரும்பிக் கொடியில் காய்ந்த துணியை மடிக்கப் போய்விட்டது. அந்த வாரம் முழுக்க பெரியவள் தன்னோடு மல்லுக்கட்டினாள். தேர்வில் இவள் தோற்றால் என்ன? வயது இருக்கிறது, அடுத்த வருஷம் எழுதட்டுமே. ஒரு வருஷம் இன்னும் பதினோரு மணி இருக்கும். இப்படி நினைத்தோமே என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். மறுநாள் சீருடைக்குப் பொத்தான் தைக்கும்போது அதே நினைப்பு வந்து எதிரே உட்கார்ந்துகொள்ளும்.

வண்டி பிடித்துக் கணினியைப் போர்வையில் சுற்றி ஏற்றிக்கொண்டு இருவரும் போனார்கள். கொழுந்தன் வெளியூரில் இருந்தார். பெட்டியின் மறுபக்கத்தைத் தூக்க ஆள் வேண்டும் என்பதால் பெரியவள். தேர்வு, தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில். மற்றவர்கள் கைக்கடக்கமான கருவிகளோடு நாசூக்காக வந்து உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் போர்வை மூட்டையோடு உள்ளே நுழைந்ததைப் பார்த்து, யாரோ குடிமாறி வருகிறார்கள் என்று காவலாளி தடுத்துவிட்டார்.

தேர்வு நடத்திய அம்மாள் ஒல்லியாக, முடியை இறுகக் கட்டியிருந்தாள். கருவிகளை அமைக்கிற விதத்திலேயே பாதி ஆளைத் தெரிந்துகொள்ளலாம் என்பது அவளுடைய கொள்கை. ஆளுக்கொரு பழுதான போர்டைக் கொடுத்து, "மூணு தடவை விளக்கு எரிஞ்சு அப்புறம் உறைஞ்சு போகுது. ஏன்னு கண்டுபிடிச்சு ஓட வையுங்க," என்றாள்.

சின்னவள் மாட்டினாள். சிப் பேசவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டினாள். பேசவில்லை. ஓரமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவளுக்கு அங்கிருந்தே விஷயம் புரிந்துவிட்டது. போர்டில் இருக்கும் புரோகிராம், எழுந்ததும் எழாததுமாக, கேபிளோடு பேசுகிற கால்களைப் பறித்துக்கொள்கிறது. மற்றவர்களின் புதுக் கருவிகள் ரீசெட்டைத் தாமே பிடித்துக்கொள்ளும். இவர்களுடையதற்கு அந்த சாமர்த்தியம் கிடையாது.

சின்னவள் கையை உயர்த்தினாள். "மேடம், என் கருவியில இன்னொரு பாகம் அங்கே உட்கார்ந்திருக்கு. கூப்பிட்டுக்கலாமா?"

"யாரு அது?"

"என் ஓரகத்தி. ரீசெட் பிடிப்பாங்க."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஓரகத்தியா? நான் ஏணியில நின்னா, என் ஓரகத்தி ஏணியை எடுத்துட்டுப் போயிடுவா. நீ அவங்களை நம்பி ரீசெட்டைக் குடுக்கறியா? சரி, கருவின்னா கருவிதான். ஆனா அவங்க பிடிக்கறதோட சரி. வாயைத் திறக்கக் கூடாது."

பெரியவள் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றாள். பழகிய சூட்டுக்காற்று கையில் பட்டது. அந்தப் போர்டிலும் ரீசெட்டுக்கு இரண்டு ஈயப் புள்ளிகள் இருந்தன; தேடி ஊக்கை அழுத்தினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: இப்போது எல்லாம் தன் விரலில் இருக்கிறது. ஒரு துளி முன்னால் எடுத்தால் போதும். ஒரு துளி தாமதித்தாலும் போதும். பூட்டு திறக்காது, நேரம் போய்விடும், யாருக்கும் எதுவும் தெரியாது. சாயங்காலம் பெட்டியோடும் இவளோடும் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். ஏணியை எடுத்துப் போகிற ஓரகத்தியை அந்த அம்மாள் சொன்னாளே, அவளும் தன்னைப் போல யாரோ ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று நினைத்தாள். எடுக்கலாமா என்று அவள் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"விடு!"

கை விட்டுவிட்டது. அவளைக் கேட்கவே இல்லை. அந்தச் சொல்லுக்கும் அந்தக் கைக்கும் நடுவே அவளுக்கு நுழைய இடம் இருக்கவில்லை.

முன்னாலிருந்து ஒரே விசை, மெல்ல, மெல்ல. வரி வரியாக நகர்த்துகிறாள். சிப் நின்றிருக்கிறது என்று பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு தடதடவென்று ஓசை. இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் கொள்ளாத ஓர் இடத்தில் யாரோ முந்நூறு வரை எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். அது நிரம்பி நிரம்பிப் பூஜ்யத்துக்கே திரும்பி, முந்நூறுக்காக முடிவில்லாமல் காத்திருந்திருக்கிறது. சின்னவள் இடத்தைப் பெரிதாக்கினாள். விளக்கு மூன்றைத் தாண்டி, நான்கு, ஐந்து என்று எரிந்துகொண்டே போனது. பெரியவளுக்குக் கண் மறைத்தது. அழக் கூடாது என்று ஊக்கை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டாள்.

முடிவை அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். எடுத்துக்கொள்ளப்பட்ட இரண்டு பேரில் சின்னவள் ஒருத்தி. அடுத்த மாதம் வேலையில் சேர வேண்டும். வாசல் வரைக்கும் வந்த அந்த அம்மாள், "பெட்டியைப் பார்த்துத் தூக்குங்க ஊக்கக்கா," என்றாள். அன்றிலிருந்து அந்தப் பெயர். பெரியவள் சிரித்து வைத்தாள்.

திரும்பும்போது போர்வை சுற்றிய பெட்டி இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். வீடு பார்க்க வேண்டும், பாத்திரம் பிரிக்க வேண்டும், கொழுந்தனுக்குச் சொல்ல வேண்டும் என்று பெரியவள் ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். தோளைத் தொட்டுத் திருப்பினால், முகமெல்லாம் ஈரம்.

"என்னடி? கிடைச்சதுக்கு அழறியா?"

"நீங்க தப்பா விடுவீங்கன்னு நெனச்சேன்க்கா."

பெரியவள் பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள். தன் மனசில் ஓடியது இவளுக்கு எப்படித் தெரிந்தது? "நான் ஏன்டி தப்பா விடப் போறேன்?" என்றாள், குரல் தனக்கே கேட்காமல்.

"விட்டிருக்கலாம்ல? நானும்தான் தப்பான நேரத்துல சொல்லிடலாம்னு நெனச்சேன். வாய் சரியா சொல்லிடுச்சு. நீங்களாவது தப்பு பண்ணியிருந்தீங்கன்னா நாளைக்குப் பதினோரு மணிக்கு..."

"எனக்கும் ஆசைதான்டி. ஒரு வாரமா அதே நெனப்புதான். கை கேட்க மாட்டேன்னுடுச்சு, நான் என்ன பண்ண?" என்று சொல்லிவிட்டுப் பெரியவளும் பெட்டியின் மேல் தலையைச் சாய்த்து, வாய்விட்டே அழுதாள்.

வண்டிக்காரர் கண்ணாடியில் பார்த்தார். பாவம், இவ்வளவு பெரிய பெட்டியைச் சுமந்துகொண்டு போனவர்கள் என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. வேகத்தைக் குறைத்து, "அழாதீங்கம்மா. அடுத்த வருஷம் கண்டிப்பா கிடைக்கும்," என்று ஆறுதல் சொன்னார்.

"இல்லைங்க," என்றாள் பெரியவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இந்த வருஷமே கிடைச்சிருச்சு."